எந்தப் படிப்பில் சேர்ப்பது?

சென்ற மாதம் சங்கக் கூட்டம் முடிந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது, நம் உறுப்பினர் குடும்பத்து அம்மா ஒருவர் என்னைத் தனியே கூப்பிட்டார். கணவர் பஜார் ரோட்டில் ஒரு மலைச்சரக்குக் கிடங்கில் கணக்குப் பார்க்கிறவர். "அண்ணாச்சி, பையன் பிளஸ் டூ முடிச்சிட்டான். கம்ப்யூட்டர் படிக்கணும்னு சொல்லிச் சொல்லியே வளர்த்தோம். இப்ப என்னடான்னா, ஏ.ஐ. வந்து அந்த வேலையெல்லாம் அதுவே செஞ்சிரும்ங்காவ. நீங்க ரயில்வேல இன்ஜினியரா இருந்தவுக. ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார். "யோசிச்சுச் சொல்லுதேம்மா" என்று நழுவிவிட்டேன்.

நழுவியதற்குக் காரணம் உண்டு. இதே கேள்விக்கு 2005இல் என் வீட்டில் யோசிக்காமலே பதில் சொன்னவன் நான். என் மகனுக்குச் சிறு வயது முதல் போட் இன்ஜின் என்றால் உயிர். பள்ளிக்கூடம் விட்டால் ஜெட்டியில்தான் இருப்பான். கையில் கிரீஸ் படாமல் வீட்டுக்கு வந்த நாள் இல்லை. மெக்கானிக்கல் டிப்ளமோ படிக்கிறேன் என்றான். "நான் டிப்ளமோவோட நின்னு பட்டபாடு போதாதா? நீயுமா?" என்று கத்தினேன். கம்ப்யூட்டர் சயன்ஸில் சேர்த்துவிட்டேன். அவனும் படித்தான், பெங்களூரில் வேலை கிடைத்தது, வீடு வாங்கினான். 2024இல் ஒரு நாள் காலை, வீடியோ காலில் இருபது நிமிஷம் பேசி, இன்றோடு வேலை முடிந்தது என்று அனுப்பிவிட்டார்கள். இப்போது காக்கநாட்டில் ஒரு சிறிய கம்பெனியில் இருக்கிறான். சம்பளம் முன்பு வாங்கியதில் பாதி. என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஆகவே, அந்த அம்மாவுக்குத் தர வேண்டிய பதிலை இங்கே எழுதுகிறேன். அவர் ஒருவருக்கு மட்டுமான கேள்வி அல்ல அது.

நம் மூத்த குடும்பங்கள் கொச்சிக்கு எப்படி வந்தன என்று நினைத்துப் பாருங்கள். வெளியில் துணி வெளுக்கும் வண்ணார் சமூகத்தார் டச்சுக்காரர் காலத்திலேயே வந்தவர்கள். வியாபாரிகள் சிலர் மிளகையும் சுக்கையும் தேடி வந்தார்கள். மற்றபடி, உத்தியோகத்துக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் கையில் இருந்தது டைப்ரைட்டிங் ஹையர், ஷார்ட்ஹேண்ட் லோயர் சர்ட்டிபிகேட்தான். ஆஸ்பின்வால், பியர்ஸ் லெஸ்லி போன்ற கம்பெனிகள் இருந்த ஊர் இது. அந்தக் காலத்துக் 'கம்ப்யூட்டர் கோர்ஸ்' அதுதான். 1955இல் இந்தியாவிலேயே டைப்ரைட்டர் செய்யத் தொடங்கிய கோத்ரெஜ், 2009 வாக்கில் அதை நிறுத்திவிட்டது. மெஷின் போனது. ஆனால் என் மாமனார் ஒரு கடிதத்தைப் பார்த்தமாத்திரத்தில் எந்த வரியில் பணம் சிக்கும் என்று சொல்லிவிடுவார். அந்த வித்தை அவருக்கு மெஷினிலிருந்து வந்ததல்ல, மெஷினோடு போகவும் இல்லை.

என் தொழிலுக்கு வருகிறேன். 1982இல் சிக்னல் பிரிவில் சேர்ந்தேன். செகந்திராபாத்தில், 1957இல் தொடங்கிய சிக்னல் பயிற்சிக் கல்லூரியில் முதல் பாடமே தண்டவாளச் சுற்றுதான். தண்டவாளத்தில் சின்ன மின்னோட்டம் ஒன்றை விட்டு, அதனால் ஒரு ரிலேயைத் தூக்கிப் பிடித்து வைத்திருப்பார்கள். ரயில் வந்தால் சக்கரமும் அச்சும் அந்த மின்னோட்டத்தைக் குறுக்கே இழுத்துக்கொள்ளும். ரிலே விழும், சிக்னல் சிவப்பாகும். இதில் நயம் என்னவென்றால், வயர் அறுந்தாலும் ரிலே விழும். பாட்டரி இறங்கினாலும் விழும். தண்டவாளம் முறிந்தாலும் அநேகமாக விழும். எது கெட்டாலும் சிவப்பு. 1872இல் அமெரிக்காவில் வில்லியம் ராபின்சன் கண்டுபிடித்தது. பழைய ஷெல்ஃப் டைப் ரிலேயில் அந்தத் தகடு விழுவதற்கு ஸ்பிரிங்கைக்கூட நம்பவில்லை. ஸ்பிரிங் ஒரு நாள் தளரும், பூமியின் இழுப்பு தளராது.

1987இல் ஸ்ரீரங்கம் ஸ்டேஷனில் கம்ப்யூட்டர் இன்டர்லாக்கிங் வந்தது. இந்தியாவிலேயே முதலாவது. "இனி ரிலேக்காரனுக்குக் கஞ்சித்தொட்டிதான்" என்று எங்கள் டிப்போவில் சீனியர் ஒருவர் அறிவித்தார். எனக்கு இருபத்தேழு வயது, அந்த வருஷம்தான் மகன் பிறந்திருந்தான். பயம் வராதா? பிற்பாடு அந்தப் பெட்டிகளில் வேலை செய்ய நேர்ந்தபோதுதான் விஷயம் புரிந்தது. பல இடங்களில் ஒரு கம்ப்யூட்டருக்குப் பதில் மூன்றை வைத்திருந்தார்கள். மூன்றும் தனித்தனியே கணக்குப் போடும். இரண்டாவது ஒத்துப்போனால்தான் பச்சை. கம்ப்யூட்டரை நம்பிக் கொண்டுவந்தார்கள் என்று நாங்கள் நினைத்தோம். நம்பாமல் கொண்டுவந்தார்கள் என்பதே உண்மை. ராபின்சனின் பாடம் அப்படியே இருந்தது, சட்டையைத்தான் மாற்றியிருந்தது. அந்தப் பாடம் தெரிந்தவர்கள் ஆறு மாதத்தில் புதியதைக் கற்றுக்கொண்டோம். ரிலேயின் நம்பரையும் டெர்மினலையும் மட்டும் மனப்பாடம் செய்து வைத்திருந்தவர்கள், பாவம், ஸ்டோருக்கு மாற்றல் கேட்டுப் போனார்கள்.

அந்தப் பாடத்தை மறந்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்தோம். 2023 ஜூன் 2ஆம் தேதி, பாலசோர் அருகே பாஹாநகா பஜாரில், சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ். மெயின் லைனுக்குப் பச்சை. பாயின்ட் மட்டும், சரக்கு ரயில் நின்ற லூப் லைன் பக்கம் திரும்பியிருந்தது. 290 உயிர்களுக்கு மேல் போயின. கம்ப்யூட்டர் கெட்டுப்போகவில்லை. முன்பு செய்த சர்க்யூட் மாற்றத்திலும், 94ஆம் நம்பர் கேட்டின் தடுப்பை மாற்றும் வேலையிலும் நடந்த தவறுகளே காரணம் என்று விசாரணையில் வந்தது. வயர் பொய் சொன்னது, கம்ப்யூட்டர் அதை உண்மை என்று எடுத்துக்கொண்டது. ஓய்வுபெற்று மூன்று வருஷமாகியும் அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. என் கையெழுத்து போட்ட சர்க்யூட்டுகளை ஒவ்வொன்றாக மனசுக்குள் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இது ரயிலுக்கு மட்டும் உள்ள கதை அல்ல. நம் தெருவிலேயே மிளகு வியாபார சங்கம் இருக்கிறது, 1957இல் தொடங்கியது. அங்கே கூவிக் கூவி முன்பேர வியாபாரம் நடந்ததைக் கேட்டவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். பிறகு எல்லாம் திரைக்குப் போனது. 2012 டிசம்பரில், ஆன்லைன் சந்தைக்காகக் கொச்சிக் கிடங்குகளில் வைத்திருந்த மிளகில் கனிம எண்ணெய் கலந்திருப்பதாகச் சொல்லி அதிகாரிகள் முத்திரை வைத்தார்கள். விலை நொடிக்கு நொடி திரையில் ஓடியது. மூட்டைக்குள் இருப்பதைத் திரை பார்க்குமா? உள்ளங்கையில் நாலு மணியைத் தேய்த்து முகர்ந்து பார்க்கிற ஆள்தான் வேண்டியிருந்தது.

ஏ.ஐ.யும் இப்படித்தான் என்பது என் அபிப்பிராயம். மகன் அதில் புரோகிராம் எழுத வைத்துக் காட்டினான். பிரமித்தேன், பொய் சொல்ல மாட்டேன். நான் நாலு நாள் உட்கார்ந்து போடுவதை நாலு நிமிஷத்தில் போட்டது. நடுவில் ஓரிடத்தில் தவறு. தவறு என்ற கூச்சமே இல்லாமல், சரியான வரி மாதிரியே எழுதியிருந்தது. "இதை யார் பார்ப்பா?" என்று கேட்டேன். "அதுதாம்பா இப்ப என் வேலை" என்றான். சொன்னதைச் செய்துவிட்டுப் போகிற வேலைகள் குறையும். அதை மறைத்து ஆறுதல் சொல்ல நான் தயாரில்லை. ரிசர்வேஷன் லெட்ஜர்கள் போனதையும், 2002க்குப் பிறகு டிக்கெட் வீட்டிலிருந்தே எடுக்க முடிந்து கவுண்டர்கள் சுருங்கியதையும் பார்த்தவன் நான்.

இதற்கிடையில் வீட்டுப் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. போலீஸ் என்று சொல்லி வீடியோ காலில் வந்து 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று மிரட்டுகிறார்களே, அப்படி ஒரு கைது நம் சட்டத்திலேயே இல்லை. சந்தேகம் வந்தால் சிவப்பு. போனை வைத்துவிட்டு 1930க்குக் கூப்பிடுங்கள். என் சிநேகிதர் ஒருவர், ரிட்டயரான பேங்க் மானேஜர், இரண்டு நாள் கதவைச் சாத்திக்கொண்டு போன் முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். படிப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

சரி, பையனை எதில் சேர்ப்பது? கம்ப்யூட்டர் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அவனுக்கு அதில் ஆசை இருக்கிறதா என்று யாராவது கேட்டீர்களா என்பதே என் முதல் கேள்வி. அவன் பள்ளியில் லிட்டில் கைட்ஸில் இருந்தானாம். அங்கே என்ன செய்தான் என்று அம்மாவுக்குத் தெரியவில்லை. டிப்ளமோ என்றால் முகம் சுளிப்பதையும் விடுங்கள். மூன்று வருஷம் முடித்துவிட்டு நேரே பி.டெக். இரண்டாம் வருஷத்தில் சேர வழி இருக்கிறது. கொச்சி மெட்ரோ 2017இல் ஓடத் தொடங்கியபோதே ரேடியோ வழி ரயில் கட்டுப்பாட்டோடு வந்தது. பாட்டரி படகுகள் நம் கப்பல் கட்டும் தளத்திலேயே கட்டப்பட்டு, 2023இல் வாட்டர் மெட்ரோவாக ஓட ஆரம்பித்து, 2025 அக்டோபரில் மட்டாஞ்சேரி ஜெட்டிக்கும் வந்துவிட்டன. ரயில்வேயில் கவச் வந்துகொண்டிருக்கிறது. இவை எல்லாவற்றிலும் கம்ப்யூட்டர் இருக்கிறது, இரும்பும் தண்ணீரும் மின்சாரமும் இருக்கின்றன. இரண்டும் தெரிந்தவன் எத்தனை பேர்?

போன ஞாயிறு மகனை அந்த ஜெட்டிக்கு அழைத்துப்போனேன். படகின் சத்தமே கேட்கவில்லை. அவன் இஞ்சின் இருக்கும் பக்கமாகவே குனிந்து பார்த்துக்கொண்டு வந்தான், இறங்கும்வரை.

அந்த அம்மாவுக்கு: ரிட்டயராகும்போது பழைய இரும்பு ஏலத்தில் எடுத்த ஷெல்ஃப் டைப் ரிலே ஒன்று என் வீட்டுப் பரணில் இருக்கிறது. வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்குப் பையனை அனுப்புங்கள். எதையும் சொல்லித்தர மாட்டேன். கழற்றட்டும், ஸ்க்ரூடிரைவர் நான் தருகிறேன். எத்தனை நேரம் அதன் முன்னால் உட்காருகிறான் என்று பார்த்துவிட்டு உங்களுக்குப் போன் செய்கிறேன்.