கொள்கையில் இல்லாத சாதி

சென்னையில் சாலையோரம் அமர்ந்து செருப்புத் தைத்த சூசை என்ற தொழிலாளியின் வழக்கு, நாற்பது ஆண்டுகளுக்கு முன் உச்ச நீதிமன்றம் வரை போனது. அவர் கேட்டது ஒரு பெட்டிக்கடை. தாழ்த்தப்பட்ட சாதியைச் சேர்ந்த செருப்புத் தொழிலாளர்களுக்கு அரசு அதை இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருந்தது. சூசையும் ஆதிதிராவிடர்தான். ஆனால் கிறிஸ்தவர் என்பதால் அவருக்குக் கடை மறுக்கப்பட்டது. மதம் மாறிய பிறகும் சாதி தொடர்கிறது என்று காட்டினால் போதாது, பழைய சமயத்தில் இருந்த அதே கடுமையுடன் அதன் இன்னல்கள் தொடர்வதை நிரூபிக்க வேண்டும் என்று 1985இல் தீர்ப்பு வந்தது. சூசை தோற்றார்.

இதன் வேர், 1950இல் குடியரசுத் தலைவர் பிறப்பித்த பட்டியல் சாதியினர் ஆணையின் மூன்றாவது பத்தி. இந்து அல்லாத எவரும் பட்டியல் சாதியினராகக் கருதப்பட மாட்டார் என்றது அது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் வெளியே நிற்கிறார்கள். கிறிஸ்தவம் சாதியை ஏற்பதில்லையே, பிறகு கிறிஸ்தவருக்குச் சாதியின் பெயரால் உரிமை எதற்கு என்பதுதான் இதற்குச் சொல்லப்படும் நியாயம். குரு நானக் வழிவந்த சீக்கியம் சாதியை ஏற்கிறதா? 1956இல் நாக்பூரில் லட்சக்கணக்கானோருடன் அம்பேத்கர் பௌத்தம் தழுவியது சாதியைக் காப்பாற்றவா? ஒரு சமயத்தின் போதனை வேறு, அதைப் பின்பற்றுவோர் ஊரில் படும் பாடு வேறு என்பதை நாடாளுமன்றம் இரண்டு முறை ஒப்புக்கொண்டிருக்கிறது. கிறிஸ்தவர் விஷயத்தில் மட்டும் இறையியல் கோட்பாடு ஒன்றையே நடைமுறை உண்மையாக எடுத்துக்கொண்டு உரிமையை மறுக்கிறது. மதச்சார்பற்ற அரசு செய்யும் வேலையா இது?

தமிழ்நாட்டில் கிறிஸ்தவராக மாறிய ஆதிதிராவிடர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார். தனித்தொகுதியில் அவர் போட்டியிட முடியாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் அவருக்கு இல்லை. அடிப்பவருக்கு அவருடைய சாதி தெரிகிறது. சட்டத்துக்கு மட்டும் தெரியவில்லை. அதனால்தான் சான்றிதழில் இந்துவாகவும் ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் கிறிஸ்தவராகவும் வாழும் குடும்பங்கள் உருவாகின்றன. இடஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்து என்று சொல்லிக்கொள்வது அரசமைப்பை ஏமாற்றுவது என்று, புதுச்சேரியிலிருந்து வந்த ஒரு வழக்கில் 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் கண்டித்தது. பிள்ளையின் படிப்பா, பெற்ற திருமுழுக்கா என்று ஓர் ஏழைத் தாயைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் ஆணையை அல்லவா முதலில் கண்டிக்க வேண்டும்?

அரசை மட்டும் சாடிவிட்டு நிறுத்தினால் அது பாதி நேர்மை. சாதி இல்லை என்ற அதே கோட்பாட்டைத் திருச்சபைகளும் திரையாகப் பயன்படுத்தி வந்திருக்கின்றன. யூதர், கிரேக்கர், அடிமை, உரிமைக் குடிமகன் என்ற பிரிவுகள் கிறிஸ்துவில் இல்லை என்று பவுல் எழுதியது கலாத்தியருக்கு. அந்தக் கடிதத்தின் பின்னணியை நம் பிரசங்கங்கள் அதிகம் தொடுவதில்லை. அந்தியோக்கியாவில் யூதரல்லாத விசுவாசிகளோடு ஒரே பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் பயந்து எழுந்து விலகிவிட்டார். தலைமைச் சீடர் என்றும் பாராமல் பவுல் அவரை எல்லோர் முன்னிலையிலும் கடிந்துகொண்டார். சமத்துவக் கோட்பாடு பிறந்த இடமே ஒரு பந்தித் தகராறுதான். பிரிவினை கண்முன்னே இருந்ததால்தான் அது கூடாது என்று எழுத வேண்டியிருந்தது. அது ஒரு கட்டளை. அதைச் சாதனை அறிக்கைபோலப் படிப்பது வேதத்துக்கே செய்யும் அநீதி.

தமிழ் மண்ணில் இந்தப் பந்தித் தகராறு நானூறு ஆண்டுகளாக நடக்கிறது. 1606இல் மதுரை வந்த கத்தோலிக்க மிஷனரி ராபர்ட் தெ நொபிலி காவி உடுத்தி, உயர்சாதியினரிடையே தனியாகப் பணி செய்தார். பூணூலும் குடுமியும் சமூக வழக்கங்களே என்ற அவரது வாதத்தை 1623இல் ரோம் ஏற்றது. சீர்திருத்த சபைகளில் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833இல் சாதியை உடனே அடியோடு கைவிட வேண்டும் என்று ஆணையிட்டார். தஞ்சாவூரில் எதிர்ப்பு வெடித்தது. 1850இல் சென்னையில் கூடிய மிஷனரிகள், சாதியை விட்டதற்கு அடையாளமாகச் சேர்ந்து உண்ண வேண்டும் என்றனர். லைப்சிக் லுத்தரன் மிஷன் மட்டும் சாதி ஒரு சமூக ஏற்பாடு, மெல்ல மறையும் என்று ஒதுங்கிக்கொண்டது. அது மறையவில்லை.

இப்படி விட்டுக்கொடுப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குத் தென்னாப்பிரிக்காவைப் பார்க்கலாம். நிறம் பாராமல் எல்லோரும் ஒரே திருவிருந்தில் பங்குபெற வேண்டும் என்று 1829இல் கேப் பகுதியின் டச்சு சீர்திருத்தச் சபை முடிவு செய்தது. 1857இல் அதே சபை, சேர்ந்து ஆராதிப்பதுதான் வேதத்துக்கு உகந்தது என்று ஒப்புக்கொண்டே, சிலருடைய பலவீனத்தை முன்னிட்டுத் தனித்தனியாகக் கூடவும் இடம் கொடுத்தது. அந்தப் பலவீனம் வெள்ளையருடையது. 1881இல் அந்தச் சலுகை வெள்ளையரல்லாதோருக்கான தனிச் சபையாக உருவெடுத்தது. 1948இல் ஆட்சிக்கு வந்து இனஒதுக்கலை நாட்டின் கொள்கையாக்கிய டி.எப். மலான் அந்தச் சபையின் போதகராக இருந்தவர். திருவிருந்தில் கொடுத்த சிறிய சலுகை, தொண்ணூறு ஆண்டுகளில் மக்கள் எங்கே வசிக்கலாம், யாரை மணக்கலாம் என்று தீர்மானிக்கும் அரசாக வளர்ந்துவிட்டது.

அதை எதிர்த்தவர்களும் இறையியலையே கையில் எடுத்தார்கள். 1982இல் ஒட்டாவாவில் கூடிய உலக சீர்திருத்தச் சபைகளின் கூட்டமைப்பு, இனஒதுக்கலை நியாயப்படுத்தும் போதனை வேதப்புரட்டு என்று அறிவித்து, டச்சு சீர்திருத்தச் சபையின் உறுப்புரிமையை நிறுத்திவைத்தது. கலப்பின விசுவாசிகளுக்கென்று ஒதுக்கப்பட்ட அந்தத் தனிச் சபையே பெல்ஹார் விசுவாச அறிக்கையை எழுதி, 1986இல் ஏற்றுக்கொண்டது. இனப் பிரிவினை சமூகச் சிக்கல், போதகர்கள் அறிவுரை சொன்னால் போதும் என்று அவர்கள் விட்டுவிடவில்லை. அதை நற்செய்தியின் பெயரால் நியாயப்படுத்துவது கிறிஸ்துவில் கிடைக்கும் ஒப்புரவையே தடுக்கிறது என்றார்கள்.

தமிழகத் திருச்சபைகள் இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை. திருச்சி மேலப்புதூர் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் சாதிகளைப் பிரித்து எழுப்பப்பட்ட சுவர் ஊரறிந்தது. அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில் தலித் கத்தோலிக்கர் தனிப் பங்கு கேட்டதையொட்டி 2008 மார்ச்சில் கலவரம் மூண்டு, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தனர். இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016இல் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை ஆவணம், தீண்டாமை சபைக்குள் இருப்பதை ஒப்புக்கொண்டது. நாட்டின் 1.9 கோடிக் கத்தோலிக்கரில் 1.2 கோடிப் பேர் தலித்துகள் என்பதும் அதே ஆவணத்தின் கணக்கு. பெரும்பான்மையினரைக் கல்லறையில் ஓரங்கட்டிவிட்டு எந்த சமத்துவத்தைப் பிரசங்கிப்பது?

பட்டியலில் ஏற்கெனவே இருக்கும் சமூகங்களின் அச்சத்தை அலட்சியப்படுத்தக் கூடாது. தமிழகத்தில் பட்டியல் சாதியினருக்கான 18 சதவீத இடஒதுக்கீட்டில் புதிதாகப் பங்கு கேட்டால் இருப்பவர் இழப்பார். இப்போது பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் எண்ணப்படும் இந்த மக்களுக்கான பங்கையும் அவர்களோடு மாற்றித் தருவதே நியாயம். மதத்தையும் பட்டியலையும் பிரித்துவிட வேண்டும் என்று ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இலேயே பரிந்துரைத்தது. கிறிஸ்தவரான ஆதிதிராவிடருக்கும் பட்டியல் சாதி உரிமை கேட்டுத் தமிழகச் சட்டமன்றம் 2023 ஏப்ரலில் தீர்மானம் நிறைவேற்றியது. மத்திய அரசோ 2022இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மீண்டும் ஓர் ஆணையத்தை அமைத்து, அதன் கெடுவையும் நீட்டித்தது. எழுபது ஆண்டுகளாகக் காத்திருப்பவர்களிடம் இன்னும் எத்தனை ஆணையங்களைக் காட்டுவது?

நாடாளுமன்றம் மூன்றாவது பத்தியை நீக்க வேண்டும். 1956இலும் 1990இலும் செய்தது போல ஒரு சட்டத் திருத்தம் போதும். ஆயர்களும் பேராயர்களும் டெல்லியின் முடிவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. கல்லறைச் சுவர்களை இடிக்க உங்கள் கையெழுத்தே போதும். திருவிழாத் தேர் தலித் தெருவுக்குள் போகாத பங்கில் திருவிழாவை நிறுத்துங்கள். பிரிவினையை விடமாட்டோம் என்று பிடிவாதம் பிடிப்பவர்களை, அவர்கள் எவ்வளவு நன்கொடை கொடுத்தவர்களாக இருந்தாலும், பவுல் பேதுருவைக் கண்டித்தது போல எல்லோர் முன்னிலையிலும் கண்டியுங்கள்.