பூனை ஃப்ரீதான், பில் ஃப்ரீ இல்லை!

போன வருஷம் எங்க அபார்ட்மென்ட் பார்க்கிங்ல கிடந்த ஒரு ஆண் பூனையை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். நாலாவது மாசம் அதுக்குச் சிறுநீர் அடைச்சுக்கிச்சு. உடனே கவனிக்கலைன்னா உயிருக்கே ஆபத்து. கதீட்டர், டிரிப்ஸ், மூணு நாள் அட்மிஷன். பில் 19,000 ரூபாய், தேதி 24! ஊருக்கெல்லாம் பட்ஜெட் சொல்ற ஆடிட்டர் நான், கிரெடிட் கார்டைத்தான் நீட்டினேன்.

கார்டு தேய்ச்சது தப்பில்லை. டியூ டேட்டுக்குள்ள முழுசா கட்டிட்டா வட்டி கிடையாது. 'மினிமம் டியூ' மட்டும் கட்டினா, மாசம் 3.5% வட்டின்னு வச்சாலே வருஷத்துக்கு 42%. வரியிலயும் சலுகை இல்லை. மருத்துவச் செலவுக்கான வரிக் கழிவு மனுஷங்களுக்கு மட்டும்தான். பெட் இன்சூரன்ஸ் எடுத்தாலும், ஏற்கெனவே இருக்கற நோய்க்குப் பொதுவா கவர் கிடைக்காது.

என் கருத்து இதுதான்: பூனை வீட்டுக்கு வர்ற மாசமே, அதுக்குன்னு தனியா 1,500 ரூபாய் ஆர்டி ஆரம்பிங்க. வருஷத்துல 18,000 சேரும். உங்க எமர்ஜென்சி ஃபண்டுல கை வைக்க வேண்டாம். சென்னையில இருக்கீங்கன்னா, வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு இப்பவே வழி தெரிஞ்சு வச்சுக்கோங்க.

மாசம் 1,500 ஒதுக்க முடியலையா? தத்தெடுக்கறதைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்க. அதுவரைக்கும் வாசல்ல சாப்பாடு வைங்க. அதுவும் உதவிதான்.