தூணடியில் தேங்கிய தண்ணீர்

பெருநகரச் சென்னை மாநகராட்சி ஆணையர் அவர்களுக்கு,



ஆள் இறங்க முடியாத சேற்றுக் கரைகளில் கொசுப்புழு மருந்து தெளிக்க 2021-இல் மாநகராட்சி ட்ரோன்களைப் பறக்கவிட்டது. நல்ல காரியம். ஆனால் எங்கள் மயிலாப்பூர்ப் பக்கம் பக்கிங்ஹாம் கால்வாய் வானத்தைப் பார்ப்பதே அபூர்வம்.

தாது வருஷப் பஞ்சத்தில் கூலிக்கு மண் சுமந்தவர்கள், கூவத்தையும் அடையாற்றையும் இணைக்க 1877–78-இல் வெட்டிய துண்டு இது. பின்னாளில் பறக்கும் ரயிலுக்காகக் கால்வாய்க்குள்ளேயே தூண்களை நட்டார்கள். திருமயிலை நிலையம் அதன் தலைமேலேயே உட்கார்ந்திருக்கிறது. தண்டவாளத்துக்கு அடியில் நிழல், தூணைச் சுற்றிக் குப்பை, நகராத சாக்கடை. க்யூலெக்ஸ் கொசுவுக்கு வேறென்ன வேண்டும்? மேலே பறக்கும் ட்ரோனுக்குக் கான்கிரீட்தான் தெரியும். அங்கே படகும் கைத்தெளிப்பானும்தான் கதி. (டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் வீட்டு நல்ல தண்ணீரில் முட்டையிடுவது, அதற்குக் கதவைத் தட்டும் பணியாளர்தான் வேண்டும்.)

திறந்த இடங்களிலோ ஆகாயத்தாமரை. தெளிக்கிற மருந்து இலைமேல் விழுந்தால் புழுவுக்கு என்ன நஷ்டம்? ஆகவே ட்ரோனில் மருந்துத் தொட்டியை மாட்டுமுன் கேமராவை மாட்டுங்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை, ஒரே பாதை, ஒரே உயரம். அந்த இடைவெளியில் இரட்டிப்பாகக்கூடிய செடி ஆகாயத்தாமரை. எங்கே முளைத்தது, எங்கே மண்மேடு தட்டியது, எந்த வடிகால் வாயில் தண்ணீர் கறுக்கிறது என்பதை இரண்டு படங்களை அருகருகே வைத்தால் பள்ளிக்கூடப் பிள்ளையும் சொல்லிவிடும். அவற்றைப் பகுதி சபைக் கூட்டத்தில் திரையிட்டுக் காட்டுங்கள்.

கேமரா கால்வாயைப் பார்க்கட்டும், எங்கள் மொட்டைமாடி வடாத்தையும் கொடித் துணியையும் அல்ல. கரையோரக் குடிசைகளை எண்ணும் கருவியாகவும் அது ஆகிவிடக் கூடாது. கழிவைத் திறந்துவிடும் குழாய் அடுக்குமாடியினுடையதாகவும் இருக்கலாம். அதுவும் படத்தில் விழட்டும். தொல்காப்பியப் பூங்காவின் 58 ஏக்கரையும் அடையாற்று முகத்துவாரத்தையும், வலசைப் பறவைகள் தங்கும் மாதங்களில், ட்ரோன் இரைச்சலிலிருந்து விட்டுவிடுங்கள்.

கால்வாய் நீர்வளத் துறையினுடையது, தூண் ரயில்வேயினுடையது, கொசு மட்டும் உங்களுடையது என்பது எனக்கும் தெரியும். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். முதல் படம் திருமயிலை நிலையத்துக்கு அடியிலிருந்து வரட்டும். படகில் போகிற ஒருவர் கைப்பேசியில் எடுத்தாலே போதும்.

இப்படிக்கு,
மந்தைவெளிவாசி ஒருவர்