மின்சுற்றின் தாய்மொழி ஆங்கிலமா?

மின்சுற்றுப் பகுப்பாய்வை ஆங்கிலத்தில் மட்டுமே கற்க இயலும் என்போர் கவனிக்க: ஓம் 1827இல் எழுதியது ஜெர்மன் மொழியில், 1845இல் மாணவராயிருந்த கிர்க்காஃப் தம் விதிகளை எழுதியதும் அம்மொழியில்தான், 1883இல் தெவெனின் எழுதியது பிரெஞ்சில்.

துவாரகாவில் நான் பாடம் சொல்லித்தரும் மாணவர் தமிழ்வழியில் பள்ளி முடித்தவர். வினாத்தாளின் ஆங்கிலத்தில் திணறினார். "சந்தியில் மின்னூட்டம் தேங்குவதில்லை, ஆகவே நுழையும் மின்னோட்டங்களின் கூடுதல், வெளியேறுவனவற்றின் கூடுதலுக்குச் சமம்" என்றேன். மூன்று சந்திகளுக்கும் சமன்பாடுகளைத் தாமே எழுதினார். அவரிடம் குறைந்திருந்தது அறிவா, மொழியா?

அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் தமிழ்வழியில் தொடங்கியவை கட்டடப் பொறியியலும் இயந்திரப் பொறியியலுமே. மின்னியல் ஏன் வெளியே நின்றது?

ஆங்கிலம் கற்பிப்பதை நான் எதிர்க்கவில்லை. புரிதலின் வாயிலில் அதைக் காவலுக்கு நிறுத்துவதையே எதிர்க்கிறேன்.