விமானத்தில் மோதுவது பறவையா, நம் குப்பையா?

'விமானத்தில் பறவை மோதியது' என்று செய்தி வரும்போதெல்லாம் குற்றவாளிக் கூண்டில் நிற்பது பறவைதான். அந்தப் பறவை அங்கே ஏன் வந்தது என்று யாரும் கேட்பதில்லை!

இது புதுப் பிரச்சினை அல்ல. 1911-இல் அமெரிக்காவை முதன்முதலாக விமானத்தில் குறுக்காகக் கடந்தவர் கால்பிரெய்த் ராட்ஜர்ஸ். அடுத்த ஆண்டே கலிபோர்னியாவின் லாங் பீச்சில் அவருடைய விமானத்தில் கடற்பறவை ஒன்று மோதியது. விமானம் விழுந்து அவர் இறந்தார்.

2022 ஜூனில் பாட்னாவில் கிளம்பிய ஸ்பைஸ்ஜெட் விமானத்தின் ஓர் இன்ஜினில் பறவை மோதித் தீப்பிடித்தது. மற்றொரு இன்ஜின் இருந்ததால் 185 பயணிகளும் பத்திரமாகத் தரையிறங்கினார்கள். சிறு விமானங்களில் பெரும்பாலும் இருப்பதே ஒரே இன்ஜின்தான்!

கண்ணாடி விஷயமும் அப்படியே. பெரிய பயணிகள் விமானத்தின் முன்கண்ணாடி சுமார் 1.8 கிலோ பறவை மோதினாலும் தாங்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. நான்கு பேர் போகும் குட்டி விமானத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஒரு கிலோ பறவை, மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்தில் போகும் விமானத்தில் மோதினால் என்ன ஆகும்? 50 கிலோ அரிசி மூட்டையை இரண்டரை மீட்டர் உயரத்திலிருந்து போட்டால் விழும் அடி அது. அதுவும் விமானியின் முகத்துக்கு நேரே!

இதற்கும் நாஞ்சில் நாட்டுக்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது.

குமரி மாவட்டத்துக்காரர்கள் வளைகுடாவுக்குப் போவது பெரும்பாலும் திருவனந்தபுரம் விமான நிலையம் வழியாகத்தான். சிறு விமானங்களில் மாணவர்களுக்குப் பயிற்சி தரும் ராஜீவ் காந்தி விமானத் தொழில்நுட்ப அகாதமி இருப்பதும் அங்கேதான். சுற்றிலும் நெருக்கமான குடியிருப்பு, இறைச்சிக் கடைகள், பக்கத்திலேயே கடற்கரை. கழிவைத் தேடிப் பருந்துகளும் காகங்களும் வட்டமிடுவது அங்கே நெடுநாள் தலைவலி.

சட்டம் இல்லாமல் இல்லை. 1937-ஆம் ஆண்டு விமான விதிகளில் 91-வது விதி, விமான நிலையத்தைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள் பறவைகளை ஈர்க்கும்படி மிருகங்களை அறுப்பதையும் குப்பை கொட்டுவதையும் தடை செய்கிறது. மீறினால் தண்டனையும் உண்டு. ஆனாலும் நடப்பது என்ன? கோழிக் கழிவை ஓடையில் வீசுபவருக்கு மிச்சமாவது சில நூறு ரூபாய். அதன் செலவு விமானக் கம்பெனியின் கணக்கிலும், இன்சூரன்ஸ் கணக்கிலும், சில சமயம் ஒரு பயிற்சி மாணவனின் உயிர்க் கணக்கிலும் எழுதப்படுகிறது. லாபம் ஒருவருக்கு, நஷ்டம் இன்னொருவருக்கு என்றால் எந்த விதியும் தானாக ஓடாது. கடை வாசலுக்கே வண்டி அனுப்பிக் கழிவை வாங்கி, அதற்கான கட்டணத்தைக் கடையின் லைசென்ஸோடு சேர்த்து வசூலிப்பதே வழி.

குமரிக்கும் விமான நிலையம் வேண்டும், சாமித்தோப்பில் அமைக்கலாம் என்ற பேச்சு பல வருடங்களாக அவ்வப்போது எழுகிறது. ஆசை நியாயமானதே. ஆனால் அந்தப் பக்கம்தான் உப்பளங்களும் மணக்குடிக் காயலும் இருக்கின்றன. கொஞ்சம் தள்ளி, 2022-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த சுசீந்திரம் தேரூர் ஈரநிலம். வலசை வரும் பறவைகளும் நாரைகளும் கூடும் இடங்கள் இவை. இந்தப் பறவைகள் குப்பைக்காக வருபவை அல்ல. குளத்துக்காக வருபவை. குப்பையை அகற்றலாம். குளத்தை அகற்ற முடியுமா?

எனவே விமான நிலையம் கேட்பவர்கள் இரண்டு கேள்விகளை முதலில் கேட்க வேண்டும். பறவைகள் எந்தப் பாதையில், எந்த மாதத்தில், எந்த உயரத்தில் பறக்கின்றன என்று ஒரு வருடமாவது முழுதாகக் கணக்கெடுத்தார்களா? எல்லை தாண்டி வரும் கோழிக் கழிவு லாரிகளையே தடுக்கத் திணறும் ஊரில், 10 கிலோமீட்டர் சுற்றளவைச் சுத்தமாக வைக்கப் போவது யார்?

இவற்றுக்குப் பதில் இல்லாமல் ஓடுபாதை போட்டால், நாளை ஒரு விபத்துக்குப் பிறகு தேரூர்க் குளத்து நாரை மேல்தான் பழி விழும். சிந்திப்போமா?