மேசா மக்கள் திரும்ப அழைத்தார்கள்

சட்டசபைக்கு அனுப்பப்பட்டவர் மக்களின் எஜமானர் அல்லர், மக்களின் ஏவலர். இதை நாம் மேடைதோறும் சொல்லி வருகிறோம். தேர்தல் முடிந்ததும் இது மறந்து போகிறது. போனவருக்கும் மறந்து போகிறது, அனுப்பியவர்களுக்கும் மறந்து போகிறது. அமெரிக்க நாட்டில், அரிசோனா மாநிலத்தில், மேசா என்னும் ஊர் மக்கள் இதை மறக்கவில்லை. தாங்கள் அனுப்பிய ஒருவரைத் தவணை முடியும் முன்னரே, 2011 நவம்பர் 8-ந் தேதி, வீட்டுக்குத் திரும்ப அழைத்துக் கொண்டார்கள். அவர் ஏதோ பின்வரிசை உறுப்பினர் என்று எண்ண வேண்டாம். மாநில செனட் சபையின் தலைவர்! பெயர் ரஸ்ஸல் பியர்ஸ்.

யார் இந்த பியர்ஸ்? 1947-ல் பிறந்தவர். மாரிகோப்பா மாவட்ட ஷெரிஃபின் கீழ் போலீஸ் வேலை பார்த்தவர்; பணியில் சுடப்பட்டுக் கைவிரலில் காயம் பட்டவர். அவரைக் கோழை என்று நாம் கூறவில்லை. குடியரசுக் கட்சியின் பழமைவாத அணியில் நின்று, 2001-ல் கீழ்ச்சபையில் அமர்ந்தார். வரவு செலவுக் குழுவுக்குத் தலைவரானார். 2009-ல் செனட்டுக்குப் போனார். 2011 ஜனவரியில் அதன் தலைவர் நாற்காலியில் ஏறினார். பத்தே ஆண்டுகளில் இவ்வளவு உயரம்!

எந்த ஏணியில் ஏறினார்? எல்லை தாண்டி, தக்க தாள்கள் இன்றிப் பிழைக்க வந்த கூலிக்காரன் மீது எழுப்பிய வெறுப்பே அந்த ஏணி. தோட்டத்திலும் கட்டடத்திலும் உணவு விடுதியின் சமையற்கட்டிலும் உழைத்தவன் அவன். அவன் முதுகை மிதித்தே மேலே போனார்.

2010 ஏப்ரல் 23-ந் தேதி, கவர்னர் ஜான் புரூவர் கையெழுத்திட்ட எஸ்.பி. 1070 என்ற சட்டத்தின் தந்தை பியர்ஸ்தான். என்ன சொன்னது அந்தச் சட்டம்? போலீசார் ஒருவரை எக்காரணத்துக்காகவாவது நிறுத்தும்போது சந்தேகம் எழுந்தால், அவர் நாட்டில் இருக்க உரிமை உள்ளவரா என்று விசாரித்தே ஆக வேண்டும். பதிவுத்தாள் கையில் இல்லாவிட்டால் குற்றம். அதோடு நின்றதா? அனுமதி இல்லாதவன் வேலை செய்தால் குற்றம். வேலை கேட்டாலே குற்றம்! ஆறு மாதம் வரை சிறை. 2,500 டாலர் வரை அபராதம். திருடினால் தண்டனை, அடித்தால் தண்டனை என்பது உலகத்து நீதி. "ஐயா, வேலை இருக்கிறதா?" என்று கேட்பவனுக்குச் சிறை என்பது எந்த நீதி?

முதலாளியையும் அவர் விட்டு வைக்கவில்லையே என்று சிலர் வாதாடலாம். உண்மைதான். உரிய அனுமதி இல்லாதவரை வேண்டுமென்றே வேலைக்கு வைக்கும் முதலாளியின் உரிமத்தைப் பறிக்கலாம் என்று 2007-ல் ஒரு சட்டம் வந்தது. அதற்குப் பின்னாலும் இவர்தான் நின்றார். ஆனால் நடந்தது என்ன? சோதனை என்ற பெயரில் பட்டறைக்குள் போலீஸ் புகுந்தது. விலங்கு மாட்டப்பட்டவர்கள் தொழிலாளர்கள். உரிமம் இழந்த முதலாளிகளோ விரல்விட்டு எண்ணத் தக்கவர்கள்!

இன்னொரு செய்தியும் உண்டு. சட்டசபை உறுப்பினர்களும் கம்பெனிப் பிரதிநிதிகளும் ஒரே மேசையில் அமர்ந்து மாதிரிச் சட்டம் எழுதும் அமைப்பு ஒன்று அங்கே இருக்கிறது; 'அலெக்' என்று சுருக்கமாகச் சொல்வார்கள். 2009 டிசம்பரில் பியர்ஸ் தம் யோசனையை அங்கே கொண்டு போனார். தனியார் சிறைகளை நடத்தும் பெரிய கம்பெனி ஒன்றும் அன்று அதில் உறுப்பு. இதை 2010-ல் அமெரிக்கப் பொது வானொலி வெளிப்படுத்தியது. தாங்கள் அதற்காக முயலவில்லை என்று கம்பெனி மறுத்தது. மறுக்கட்டும். சிறை நிரம்பினால் இலாபம் பெறுபவர் இருக்கும் இடத்துக்குச் சட்டம் செய்பவர் ஏன் போனார் என்ற கேள்விக்கு அந்த மறுப்பு பதில் ஆகாது.

இப்படிப்பட்டவரை வீழ்த்தியது எது? மேடை முழக்கமா? இல்லை, தோழர்களே. அரிசோனாவின் அரசியல் சட்டத்திலே திரும்ப அழைக்கும் உரிமை இருக்கிறது. அது சும்மா கிடைத்ததல்ல. நீதிபதிகளையும் திரும்ப அழைக்கலாம் என்று எழுதியதற்காக, 1911-ல் ஜனாதிபதி டாஃப்ட் அரிசோனா மாநிலமாவதையே தடுத்தார். அந்த வாசகத்தை எடுத்துவிட்டு, 1912 பிப்ரவரியில் மாநிலமானார்கள். அதே ஆண்டு நவம்பரில் மக்கள் வாக்களித்து அதை மீண்டும் எழுதிக் கொண்டார்கள்!

அந்த உரிமையைத்தான் நூறாண்டு கழித்து மேசா மக்கள் கையில் எடுத்தார்கள். தேவைப்பட்ட கையெழுத்து 7,756. தொண்டர்கள் வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். செல்லத்தக்கவை என்று அதிகாரிகள் ஒப்புக்கொண்டவை மட்டும் பத்தாயிரத்துக்கு மேல். எதிர்த்து நின்ற ஜெர்ரி லூயிஸ் அதே கட்சி, அதே மார்மன் மதம், அவரும் பழமைவாதிதான். வாக்கைப் பிளக்க, ஸ்பானியப் பெயர் கொண்ட ஒரு பெண்மணியை பியர்ஸின் ஆதரவாளர்கள் தேடிப் பிடித்து நிறுத்தினார்கள் என்று நீதிபதியே கூறினார். அவர் பின்னர் விலகிக் கொண்டார். முடிவில் லூயிஸ் வென்றார். அரிசோனா வரலாற்றிலே, திரும்ப அழைக்கப்பட்ட முதல் சட்டசபை உறுப்பினர் பியர்ஸ்.

2012-ல் மீண்டும் வர முயன்றார். சொந்தக் கட்சியின் வேட்பாளர் தேர்விலேயே தோற்றார். அதே ஆண்டு ஜூன் 25-ல் சுப்ரீம் கோர்ட் அந்தச் சட்டத்தின் மூன்று பிரிவுகளை வெட்டியது. வேலை தேடுவதைக் குற்றமாக்கிய பிரிவும் அதில் போயிற்று. 2014-ல், மருத்துவ உதவி பெறும் ஏழைப் பெண்களுக்குக் கருத்தடை செய்ய வேண்டும் என்ற பொருளில் வானொலியில் பேசிக் கட்சிப் பதவியையும் துறந்தார். 2023 ஜனவரியில் காலமானார்.

கதை இங்கே முடிந்தது என்றால் நாம் இதை எழுதியிருக்க வேண்டியதில்லை. போலீஸ் விசாரணைப் பிரிவைச் சுப்ரீம் கோர்ட் விட்டு வைத்தது. அலபாமா, ஜார்ஜியா போன்ற மாநிலங்கள் அந்தச் சட்டத்தைப் பார்த்து எழுதிக் கொண்டன. 2024 நவம்பரில், எல்லை தாண்டி வருவதை மாநிலக் குற்றமாக்கும் 314-ஆம் யோசனையை அதே அரிசோனாவின் வாக்காளர்களே பெரும்பான்மையாக ஏற்றார்கள். ஆள் போனார், அவர் ஊன்றிய எண்ணம் போகவில்லை.

ஆகவே நாம் சொல்லுவது இது. ஒருவரை நாற்காலியிலிருந்து இறக்கக் கையெழுத்துப் போதும். அவரை அங்கே ஏற்றிய எண்ணத்தை இறக்க, கையெழுத்துக்காகத் தட்டிய அதே கதவுகளை, தேர்தல் இல்லாத நாளிலும் தட்ட வேண்டும். வேலை கேட்கிறவன் குற்றவாளி அல்லன் என்று, கதவைத் திறக்கிற தொழிலாளியிடம் பொறுமையோடு எடுத்துச் சொல்ல வேண்டும். மேசாவின் தொண்டர்கள் முதற்பாதியைச் செய்து காட்டினார்கள். மறுபாதி இன்னும் மிச்சம் இருக்கிறது.