ஞாபகம் யாருடைய வேலை?

மாமனாரின் மாத்திரை நேரம், நாத்தனார் மகளின் பிறந்தநாள், யார் எவ்வளவு மொய் வைத்தார்கள் என்பது எல்லாம் என் தலையில்தான். "பொம்பளைங்களுக்கு இதெல்லாம் இயற்கையாவே ஞாபகம் இருக்கும்" என்கிறார் கணவர்.

எது இயற்கை? 2014இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஹிட்டியும் சீகல்பாமும் எலி மூளையின் ஹிப்போகாம்பஸில் சிஏ2 என்ற சிறு பகுதியைச் செயலிழக்கச் செய்தார்கள். இடங்களை மறக்காத அந்த எலிகள் பழகிய எலியை அடையாளம் காணத் தவறின. அந்தப் பகுதி ஆண் மூளையிலும் உண்டு. யார் நினைவில் வைத்தாக வேண்டும் என்று விதிப்பது மூளையல்ல, வீடு.

இன்னொன்று. 2009இல் வந்த நரம்பியல் விலங்காய்வுகளில், பெண் விலங்குகளை மட்டும் வைத்துச் செய்தது ஒன்று என்றால், ஆண் விலங்குகளை மட்டும் வைத்துச் செய்தவை 5.5. பெண் எலியின் ஹார்மோன் சுழற்சி முடிவுகளைக் குழப்பிவிடுமாம். 2014இல் 293 ஆய்வுகளை அலசிப் பார்த்தார்கள். பெண் எலிகளின் முடிவுகள் ஆண் எலிகளுடையதைவிட அதிகம் ஏறி இறங்கவில்லை.

சோதிக்கவே மறுத்த உடலுக்கு இயற்கை எது என்று எப்படித் தெரிந்தது? மொய் நோட்டை இனி அவரே வைத்துக்கொள்ளட்டும். அவருக்கும் சிஏ2 இருக்கிறது.